அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைத்திருக்கிறார். மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டார். கோவையில் கொலோனோஸ்கோபி செய்தபோது மலக்குடலின் மேல்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேர அதன்மேல் தற்காலிகமாகப் பை வைத்திருக்கிறார்கள். நெறிக்கட்டிகளிலும் பரவியிருப்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியும் வீட்டில் மாத்திரையுமாக எட்டு சுற்றுக் கீமோ தரவிருக்கிறார்கள். அப்பாவிடம் ‘குடலில் புண்’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். “சொன்னா மனசு ஒடைஞ்சு போயிருவாரு, சொல்லாத கண்ணு” என்கிறார் அத்தை. வாய்க்காலில் எப்போது குளிக்கலாம் என்று அப்பா தினமும் கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கீமோவின் முதல் ஊசிக்கு முன்பாகவே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் அத்தையின் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் இதே பாசத்தால்தான் என் அப்பாவிடம் மறைத்தோம். இரண்டாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது. ‘புண்ணுக்குத்தானே மருந்து, இதற்காகப் பிள்ளைகளை எழுப்புவானேன்’ என்று நினைத்தவர், மேசை இழுப்பறையில் கிடந்த காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிட்டார். விடியற்காலையில் காப்பி கொண்டுபோன அம்மா தொட்டுப் பார்த்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்ததால் அவர் ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த இரவிலேயே கதவைத் தட்டியிருப்பார் என்பதை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு கனக்கிறது.

வீட்டில் இருந்தபடி எடுத்துக்கொள்ளும் சிகிச்சையில் முதல் அறிகுறியை உணர்பவர் நோயாளிதான். அறியாத ஒன்றை அவரால் எப்படிக் கவனிக்க முடியும்? தவிரவும், மருத்துவமனைப் பலகைகளையும் பக்கத்துக் கட்டிலின் பேச்சையும் வைத்து அவர் பாதி ஊகித்திருக்கவும் கூடும். அப்படியானால் பயத்தைத் தனியாகத்தான் சுமந்துகொண்டிருக்கிறார். கூட்டம் இல்லாத ஒரு மாலையில் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னங்கப்பா புரிஞ்சுது?” என்று கேட்டுத் தொடங்குங்கள். அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். கட்டியை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிச்சம் இருந்தால் அதை அழித்து, நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் கீமோ என்பதே உண்மை. அந்த உண்மையில் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. அவர் அழுதால் அழட்டும்; பேச்சை மாற்றாதீர்கள்.

பையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்கள் அதிகம் கூசுவது இதில்தான். நீங்களே எல்லாவற்றையும் செய்துவிடாமல், முதல் வாரம் பக்கத்தில் நின்று, பிறகு அவர் கையாலேயே செய்யப் பழக்குங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்துவிட வேண்டும். நிரம்பவிட்டால் எடை தாங்காமல் பிரிந்துவிடும். வெளியே தெரியும் குடல் உள்கன்னம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதற்கு வலி தெரியாது. அது கருத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் அது சுருங்கும் என்பதால், ஒட்டும் வளையத்தின் ஓட்டையை அவ்வப்போது அளந்து வெட்டுங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் நீர் கசிந்து சுற்றியுள்ள தோல் வெந்துபோகும். காலையில் ஒன்றும் சாப்பிடுவதற்கு முன் வளையத்தை மாற்றுவது சுலபம்.

சிறுகுடல் வழியாக வெளியேறுவதில் தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. எனவே வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. உப்புப் போட்ட மோரும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் வேண்டும். சிறுநீர் மஞ்சளாகக் குறைந்து போனாலும், தலை சுற்றினாலும், பை வழக்கத்தைவிட அடிக்கடி நிரம்பினாலும் காத்திருக்காதீர்கள். கீமோ மாத்திரையால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் உடல் விரைவில் வற்றிவிடும். நம் பக்கத்தில் எதற்கும் தேங்காயும் நிலக்கடலையும் உண்டு. இப்போதைக்கு அவையும் மக்காச்சோளமும் காளானும் வேண்டாம், குடல் வாயில் அடைத்துக்கொள்ளக்கூடும். குழைய வேகவைத்த அரிசியும் பருப்பும் சாதம், இட்லி, ரசம், வாழைப்பழம் ஆகியவை நல்லவை.

ஊசி மருந்தின் பெயர் ஆக்ஸாலிபிளாட்டின் என்றால், போட்ட சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. விடிகாலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்ததும் மின்சாரம் தாக்கியது போல விரல்கள் சுரீரென்று இழுக்கும். குளிர்ந்த நீரைக் குடித்தால் தொண்டை அடைப்பது போல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுங்கள். காற்று வீசும்போது காதையும் தலையையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அதிலும் முக்கியமானது, விரல்களும் பாதங்களும் மரத்துப் போவது. சட்டைப் பொத்தான் போடக் கஷ்டப்படுகிறாரா, காசை எடுக்கத் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்கள். வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் பழக்கத்தை மட்டும் இந்த ஆறு மாதம் நிறுத்தச் சொல்லுங்கள். முள் குத்தினாலும் தெரியாது.

மாத்திரை கேப்சிடபின் என்றால், உணவுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக்கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அவர் தலைமாட்டில் வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால், நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோவைக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், இரவில் எந்த மருத்துவமனைக்கு முதலில் போவது என்று இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒறம்பரை வருவதைத் தடுக்க முடியாது. இருமலும் சளியும் உள்ளவர்களை மட்டும் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள், யாரும் வருத்தப்படமாட்டார்கள். அவர்கள் கொண்டுவரும் முள்சீத்தா, பச்சிலைச் சாறு, மஞ்சள் மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெறுவதில் தொடங்குங்கள். உடன்பிறந்தவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி செய்துகொள்வது நல்லது. மலத்தில் ரத்தம் கண்டால் அந்த வயதுக்குக் காத்திருக்கவே கூடாது.

இனி, அப்பாவின் கேள்வி. பையோடு வீட்டில் தினமும் குளிக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. கீமோ முடியும்வரை வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். பெரும்பாலும் கீமோ முடிந்தபின் பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்துவிடுவார்கள். அந்தக் காயமும் ஆறிய பிறகு அவர் வாய்க்காலில் இறங்கலாம். திண்ணையில் உட்காரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘எப்போது’ என்று தினமும் கேட்கிறவருக்கு அது ஒரு நல்ல பதில்.