கடனுக்கு வேலை செஞ்சு கொடுத்தா பணத்தை எப்படிங்க வசூல் பண்றது?

நீங்களும் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவங்க துணிய கூலிக்கு தச்சுக் கொடுக்கற வேலை, பண்றவர்னு நினைச்சே எழுதறேன். திருப்பூர்ல பவர் டேபிள் யூனிட், அதாவது கரண்ட் மிஷின்ல தைக்கற யூனிட், வச்சிருக்கேன். சனிக்கிழமை ஆனா டெய்லருங்களுக்கு சம்பளம் போட்டே ஆகணும், வேலை கொடுத்த பார்ட்டி மட்டும் "அடுத்த வாரம் பாக்கலாங்க"னு இழுத்துக்கிட்டே இருப்பாரு.

அப்படி ஒருத்தர் பழைய பாக்கி நிக்கறப்பவே தைக்கறதுக்கு புது கட்டிங் (வெட்டின துணி) அனுப்பினாரு. வண்டியில இருந்து இறக்கறதுக்கு முன்னாடியே போன் போட்டு, இந்த லாட்டுக்கு கடன் கெடையாதுங்க, கூலி வந்தா தான் பீஸ் வெளிய போகும்னு சொல்லி, அதையே வாட்ஸ்அப்ல போட்டு "ஓகே"னு பதிலும் வாங்கிட்டேன். தச்சு முடிச்சதும் ஷிப்மென்ட் அவசரம்னு வண்டி வந்துச்சு, பணம் வரல. நான் பீஸ ஏத்த விடல. போன்ல கத்தினாரு, இனி உனக்கு வேலையே இல்லைன்னாரு, சாயங்காலம் அக்கவுண்ட்ல பணம் ஏறிடுச்சு.

இது அடாவடினு சொல்ல ஆளு வருவாங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவ படிங்க. உழைப்பு போட்ட பொருள கூலி வர்ற வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா கடனுக்கு ஒத்துக்கிட்டா வச்சுக்க முடியாது, அதுக்கு சட்டத்துலயே கோட்டு தைக்கற டெய்லரத்தான் உதாரணமா சொல்லிருக்காங்க. அதனாலதான் முன்னாடியே எழுத்துல வாங்கச் சொல்றேன். பழைய பாக்கிக்காக புது பீஸ பிடிக்கக் கூடாது, நானும் பிடிக்கல.

பழைய பாக்கிக்கு உத்யம் நம்பர, அதான் சிறு தொழில் பதிவு நம்பர, பில்லுலயே போடுங்க. பணம் தர்ற கெடுவ எழுத்துல பேசியிருந்தா அதிகபட்சம் 45 நாள், பேசலைனா 15 நாள், தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி கேக்கலாம். அப்படி தாண்டின பாக்கிய பார்ட்டி மார்ச் 31க்குள்ள கொடுக்கலைனா வருமான வரியில அந்த வருஷ செலவா காட்ட முடியாது, 43பி எச் பிரிவுனு 2023 பட்ஜெட்ல கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் தான் மேல சொன்ன பார்ட்டியோட ஆடிட்டரே மார்ச்ல எங்கிட்ட லெட்ஜர் கேட்டு போன் பண்ணாரு. வாங்கி விக்கற டிரேடருக்கு இதெல்லாம் செல்லாது, அதையும் சொல்லிடறேன்.

ஆனா ஜிஎஸ்டிய பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. இந்த மாசம் பில் போட்டா அடுத்த மாசம் 20ஆம் தேதி நான் வரி கட்டணும், பார்ட்டி காசு கொடுத்தாரானு எவனும் கேக்கறதில்ல. அவரு மட்டும் அந்த வரிய தன் வரியில கழிச்சுக்கற கிரெடிட்ட எடுத்துக்கிட்டு எனக்கு பணம் தர 180 நாள் வரைக்கும் இழுக்கலாமாம். கைக்கே வராத காசுக்கு நான் எதுக்குங்க முன்னாடி கட்டணும், அது என் டெய்லருங்களுக்கு போக வேண்டிய சம்பளம்.