சுங்கச் சோதனையும் எல்லைக் கடப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பையில் உள்ள உணவுப் பொருளை நாமே அறிவிப்பது, வம்பை விலைக்கு வாங்குவதாகாதா ஐயா?

பதில்: முதல் சில பயணங்களில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் இறங்குவதற்குச் சற்று முன்பு, பையின் பக்க அறையில் ஓர் ஆப்பிள் கிடப்பது நினைவுக்கு வரவே, வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறித்தேன். அதிகாரி பழத்தை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டார். அதே பழத்தை அறிவிக்காமல் நியூசிலாந்துக்குக் கொண்டுசென்று பிடிபட்டால், அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். மறந்துவிட்டேன் என்பது அங்கே சமாதானமாகாது. ஐயம் இருந்தால், அறிவிக்க வேண்டிய பொருள் வைத்திருப்போருக்கான சிவப்பு வழியில்தான் நான் செல்கிறேன். பெரும்பாலும் அங்கே வரிசையும் சிறியது.

கேள்வி: 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கொண்டுசெல்லவே கூடாதா?

பதில்: கொண்டுசெல்லலாம், அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் படிவம் நிரப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோவிலிருந்தே அந்தக் கடமை தொடங்குகிறது. குடும்பமாகச் செல்வோர் தொகையைப் பிரித்து ஆளுக்கொரு பையில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று எண்ணுவதுண்டு. அமெரிக்கச் சுங்கத்துறை அதைக் கூட்டியே பார்க்கும்.

கேள்வி: மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்குமா தடை?

பதில்: ஆம், சில நாடுகளில் உண்டு. சளிக்காகப் பலர் சாதாரணமாக உட்கொள்ளும் சூடோஎபெட்ரின், ஒரு மருந்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், மருந்துச் சீட்டு கையில் இருந்தாலும் அதை ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுவதால், மூலப்பொருளின் பெயரையே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மாத்திரைகளை அவற்றின் அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் கொட்டாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் போதுமா?

பதில்: எனக்குப் போதவில்லை. வேறு நாட்டுக்குச் செல்பவரும் அங்கே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, மீண்டும் ஒப்படைக்க நேரிடுகிறது. விசா விலக்கு இல்லாதவருக்கு இடைவழி விசாவும் வேண்டும்.

கேள்வி: தரைவழி எல்லையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வெளியேற்ற முத்திரையை. ஒரு தரைவழி எல்லையில், புறப்படும் நாட்டின் அலுவலகம் சாலையை விட்டு ஒதுங்கியிருந்ததால், கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அடுத்த நாட்டின் சாளரத்துக்கே போய்விட்டேன். அங்கிருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, முந்தைய நாட்டிலிருந்து நான் இன்னும் வெளியேறவே இல்லை என்று திருப்பி அனுப்பினார். இரு சாவடிகளுக்கும் நடுவே வெயிலில் திரும்பி நடந்து, முத்திரை பெற்று வந்து சேர்வதற்குள், என் பெட்டியோடு பேருந்து புறப்பட்டுவிட்டது.