டாஷ் ஏன் நிற்க மாட்டேன் என்கிறான்?

சென்ற இதழில் பழைய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது, 'தி இன்கிரெடிபிள்ஸ்' எனக்குப் பிடித்த விளையாட்டு என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதே பெயரில் வந்த பிக்சார் அனிமேஷன் படத்தை ஒட்டிய விளையாட்டு அது. அதிசய சக்தி கொண்ட ஒரு குடும்பத்தின் கதை; அதில் மின்னல் வேகத்தில் ஓடுகிற பையன்தான் டாஷ். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். டாஷ் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற லெவலில் மாட்டிக்கொண்டு லீவு முழுக்க அங்கேயே நிற்கிறான். டிஸ்கில் ஏதும் கோளாறு இருக்குமா?
— ஒரு தந்தை, திருநெல்வேலி

டிஸ்கில் கோளாறு இல்லை. 'லேட் ஃபார் ஸ்கூல்' என்ற அந்த லெவல் உலகம் முழுக்கப் பல பிள்ளைகளை அழவைத்திருக்கிறது. ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்னால் டாஷ் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பையன் பிறவி ஓட்டக்காரன். நாம் செய்யக்கூடியது அவனை இடம் வலம் திருப்புவது, குதிக்கவைப்பது, சக்தி இருந்தால் இன்னும் வேகமாக விரட்டுவது. "சித்தி, இவன் நிக்கவே மாட்டேங்கிறான்!" என்று என் அக்கா மகள் கத்துவாள். கார் எதிரே வந்தால் கன்ட்ரோலரோடு சேர்த்துத் தன் உடம்பையும் ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். சோபாவிலிருந்து கீழே விழாத குறை.

உங்கள் மகனிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். முதலாவது, கண் டாஷ் மேல் இருக்கக் கூடாது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தால், வண்டி கண்ணில் படும்போது காரியம் முடிந்திருக்கும். திரையில் தூரத்தில் சாலை எங்கே கண்ணில் படத் தொடங்குகிறதோ அங்கே பார்க்க வேண்டும். இரண்டாவது, அந்த அதிவேக சக்தியைக் கிடைத்ததும் செலவழிக்கக் கூடாது. நேரான, காலியான சாலை வரும் வரை வைத்திருக்க வேண்டும். வளைவில் போட்டால் நேராகப் போய் எதிலாவது மோதுவான். மோதினால் போகிற நொடிகளை அப்புறம் மீட்பது கஷ்டம். வழி ஒவ்வொரு முறையும் அதேதான் என்பதால், ஓட ஓட மனப்பாடம் ஆகிவிடும். தயவுசெய்து நீங்கள் கன்ட்ரோலரை வாங்கி முடித்துக்கொடுத்துவிடாதீர்கள். பின்னால் தீவுக்காட்டில் '100 மைல் டேஷ்' என்ற லெவல் வரும்போது, இங்கே கற்றதுதான் அவனுக்குக் கைகொடுக்கும்.

படத்தை ஒட்டி வரும் விளையாட்டுகள் எல்லாம் பெயரை வைத்துக் காசு பார்க்கிற வேலைதானே? இதில் அப்படி என்ன கண்டீர்கள்?
— கல்லூரி மாணவர், கோவை

பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். படம் வெளிவரும் தேதிக்குள் விளையாட்டும் கடைக்கு வந்தாக வேண்டும். அந்த அவசரம் பலவற்றில் அப்பட்டமாகத் தெரியும். இதற்கும் அதே நெருக்கடிதான். பிக்சாரின் படம் அமெரிக்காவில் 2004 நவம்பர் 5 அன்று வெளியானது. டிஎச்க்யூ நிறுவனம் விளையாட்டையும் அதே சமயத்தில் கொண்டுவந்தது. ஆனால் செய்தவர்கள் ஹெவி அயர்ன் ஸ்டூடியோஸ். 2002இல் ஸ்கூபி-டூவை வைத்தும் 2003இல் ஸ்பாஞ்ச்பாபை வைத்தும் தாவிக் குதிக்கிற விளையாட்டுகளை முடித்துக் கைபழகியவர்கள். அந்த ஸ்பாஞ்ச்பாப் விளையாட்டு 2020இல் புதுப்பித்து மறுபடி வெளியிடப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த காரணம் வேறு. படத்தை எழுதி இயக்கிய பிராட் பேர்ட், குடும்பத்தில் அவரவர் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சக்தியைக் கொடுத்தார். பாரம் தாங்குகிற அப்பாவுக்குப் பலம். நாலு பக்கமும் இழுபடுகிற அம்மாவுக்கு ரப்பர் உடம்பு. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற வயதுப் பெண் வயலெட்டுக்கு மறையும் சக்தி. ஓர் இடத்தில் உட்காராத பத்து வயதுப் பையனுக்கு ஓட்டம். திரையில் இதைப் பார்க்கிறோம். விளையாட்டில் இது நம் கட்டைவிரலுக்கே தெரிகிறது.

அப்பாவை எடுத்தால் கை கனமாக விழும். தூக்கலாம், எறியலாம், உடைக்கலாம். அம்மாவை எடுத்தால் எட்டி நின்றே அடிக்கலாம். கையை நீட்டிப் பிடித்து ஊசலாடி மறுபக்கம் போகலாம். அப்புறம் 'வயலெட்ஸ் கிராஸிங்' என்ற லெவல் வரும். காடு, சுற்றிலும் காவலர்கள். அதுவரை உடைத்து நொறுக்கிக்கொண்டு வந்தவர் திடீரென்று யாரிடமும் மோத முடியாத ஒரு பெண்ணாகிவிடுகிறார். மறையலாம், ஆனால் மறைகிற சக்தி கரைந்துகொண்டே இருக்கும். அது தீர்வதற்குள் அடுத்த மறைவிடத்துக்குப் போக வேண்டும். என் அக்கா மகள் அந்த லெவலில் மூச்சுவிடக்கூட மறந்துவிடுவாள்.

வயலெட்டுக்கு ஓடத் தெரியாது, தம்பி டாஷுக்குத் தற்காப்பு கிடையாது. இரண்டு பேரையும் தனித்தனியாக ஓட்டி இந்தக் குறைகளை நாமே அனுபவித்த பிறகு, 'இன்கிரெடிபால்' வருகிறது. வயலெட் தன் சக்தியால் ஓர் உருண்டைக் கவசம் போட, டாஷ் அதற்குள் ஓட, அது எதிரிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உருள்கிறது. அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஏன் வேண்டும் என்று யாரும் வசனம் பேசிச் சொல்லவில்லை. முந்தைய லெவல்களில் பட்ட பாடுதான் சொல்கிறது. படத்தை ஒட்டிய விளையாட்டு, படத்தின் சாரத்தை இப்படிக் கைக்குள் கொண்டுவந்தால் அதை வெறும் காசு பார்க்கிற வேலை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

குறைகளும் உண்டு. அப்பாவின் லெவல்களில் அடித்த கூட்டமே திரும்பத் திரும்ப வரும். தோற்றால் சில இடங்களில் வெகுதூரம் பின்னால் கொண்டுபோய் விடுவார்கள். சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்திருந்தால் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம்.

ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. பிக்சார் படங்களில் முதன்முதலில் 'பிஜி' சான்றிதழ், அதாவது பெற்றோர் துணையோடு பார்க்கச் சொல்லும் சான்றிதழ், வாங்கியது இந்தப் படம்தான். விளையாட்டுக்கு அமெரிக்கத் தரக்குழு அதைவிட ஒரு படி மேலே போய் 13 வயதுக்கு மேல் என்று 'டீன்' முத்திரை குத்தியது. ரத்தம் கிடையாது, ஆனால் அடிதடி ஓயாது. ஆறு வயதுக்குப் படமே போதும், அதையும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் படமா, விளையாட்டா?
— சேலம் வாசகர்

படம். விளையாட்டுக்குள் படத்தின் காட்சிகளையே நறுக்கி இடையிடையே வைத்திருக்கிறார்கள். கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

பழைய பொருள் கடையில் 'இன்கிரெடிபிள்ஸ்' என்று பார்த்து வாங்கினேன். நீங்கள் சொல்வது போல ஒன்றுமே இல்லையே?
— மதுரை வாசகர்

நீங்கள் கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம். அது ஹெலிக்ஸ் என்ற வேறு குழு செய்தது. பக்கவாட்டில் நகர்ந்து அடித்துக்கொண்டே போகிற விளையாட்டு. கம்ப்யூட்டருக்கு என்றால் 'வென் டேஞ்சர் கால்ஸ்' என்று இன்னொன்று உண்டு, அது சின்னச் சின்ன விளையாட்டுகளின் தொகுப்பு. நான் சொல்வது பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கு வந்தது. அட்டையில் ஹெவி அயர்ன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 2க்கு வாங்கினால் மெமரி கார்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மெஷினை அணைத்ததும் ஆடியதெல்லாம் போய்விடும்.

வீட்டில் அண்ணன், தங்கை இரண்டு பேர். சேர்ந்து விளையாட முடியுமா?
— புதுச்சேரி வாசகி

இந்த விளையாட்டு ஒருவருக்கு மட்டும்தான். சேர்ந்து ஆட வேண்டுமென்றால் 2005இல் வந்த 'ரைஸ் ஆஃப் தி அண்டர்மைனர்' பாருங்கள். முதல் படம் முடிகிற இடத்தில் அண்டர்மைனர் என்ற வில்லன் பூமியைக் குடைந்து வருவான் அல்லவா, அங்கிருந்தே தொடங்கும். ஒருவர் அப்பா மிஸ்டர் இன்கிரெடிபிள், மற்றவர் பனியை உண்டாக்கும் அவருடைய நண்பர் ஃப்ரோசோன். 2018இல் வந்த இரண்டாம் படமும் அண்டர்மைனரில் தொடங்கினாலும், இந்த விளையாட்டின் கதையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதில் அம்மாவாகவோ வயலெட்டாகவோ டாஷாகவோ விளையாட முடியாது. இது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் முதல் விளையாட்டையே வைத்துக்கொண்டு, ஆள் மாறும்போது கன்ட்ரோலரையும் கைமாற்றச் சொல்லுங்கள். டாஷை யாருக்குக் கொடுப்பது என்று மட்டும் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.