கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கிய மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லைப் பிரித்தால் என்ன பொருள் வரும்?

இழை, மணி. அவ்வளவுதான்.

பள்ளியில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று உருப்போட்ட பழக்கத்தில், 'மைட்டோ' என்றால் ஆற்றல் என்றே நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பெயரில் ஆற்றலும் இல்லை, நிலையமும் இல்லை. கிரேக்கத்தில் 'மிட்டோஸ்' என்றால் நூலிழை, குறிப்பாகத் தறியில் ஓடும் பாவு நூல். செல் பிரிவைக் குறிக்கும் மைட்டாசிஸ் என்ற சொல்லிலும் இருப்பது இதே நூல்தான். 'காண்ட்ரோஸ்' என்றால் தானியக் குறுணை, மணி. 'காண்ட்ரியான்' அதன் குட்டி வடிவம்.

பெயர் வைத்தவர் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர், 1898-ல். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது சில இடங்களில் மணிமணியாகவும் சில இடங்களில் இழையாகவும் தெரிந்திருக்கிறது. கண்ணில் பட்டதையே பெயராக்கிவிட்டார். அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது என்று கென்னடி, லெனிஞ்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியபோது 1948 ஆகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஆல்ட்மன் என்ற இன்னொரு ஜெர்மானிய ஆய்வாளருடையது. பெண்டாவுக்கு முன்பே, 1890-ல், இவை செல்லுக்குள் வாழும் தனி உயிர்கள் என்று சொல்லி 'பயோபிளாஸ்ட்' என்று பெயரிட்டார் அவர். யாரும் சீந்தவில்லை. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது என்பதை இன்று பாடப்புத்தகமே சொல்கிறது. ஆனாலும் நிலைத்தது பெண்டாவின் பெயர்தான்.

'காண்ட்ரோஸ்' என்பதற்குக் குருத்தெலும்பு என்றும் பொருள் உண்டு. இல்லாத நோயை இருப்பதாக எண்ணிக் கவலைப்படும் 'ஹைப்போகாண்ட்ரியா' அந்த வழியில் வந்தது: விலா எலும்புக் குருத்துக்குக் கீழே உள்ள வயிற்றுப் பகுதியில்தான் மனச்சோர்வு பிறக்கிறது என்று பழைய மருத்துவர்கள் நினைத்தார்கள்.

தமிழில் இதை அப்படியே 'இழைமணி' என்று பெயர்த்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் இந்தச் சொல்தான். நம் ஊரில் 'மைட்டோகாண்ட்ரியாக்கள்' என்று எழுதுகிறோம். ஒருமை 'மைட்டோகாண்ட்ரியான்', அந்த 'யா'வே பன்மை. அதன் தலையில் இன்னொரு 'கள்' ஏற்றுகிறோம். இழைமணிகள் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.