டோக்கன் கையில், இடம் காட்டில்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் ரெய்னியரைச் சுற்றி வரும் வொண்டர்லேண்ட் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். பூ, பனி, ஆறு, கரடி என்று அவ்வளவு வர்ணித்தும் வந்த கடிதங்களில் யாரும் கரடியைக் கேட்கவில்லை. எல்லாரும் அங்கே ராத்திரி தங்குவதற்கான பெர்மிட்டைத்தான் கேட்கிறார்கள். நியாயம்தான், கரடி அதைவிடச் சுலபம்.

அக்கா, மார்ச்சில் ‘லாட்டரியில் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று மெயில் வந்தது. பாயசம் வைத்துக் கொண்டாடிவிட்டோம். இப்போது தோழி ‘அது பெர்மிட்டே இல்லை’ என்கிறாள். அப்படியா? (வாசகி, பெல்வியூ)

தோழி சொல்வது சரி. பாயசம் கொஞ்சம் அவசரம். உங்களுக்கு வந்திருப்பது ரேஷன் கடை டோக்கன் மாதிரி. டோக்கன் கையில் இருக்கும், உங்கள் முறை வரும்போது பாமாயில் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 6 டாலர் கட்டி விண்ணப்பிக்கிறோம். அந்தப் பணம் திரும்பி வராது. குலுக்கலில் தேர்வானவர்களுக்கு ஆளுக்கொரு நாளும் மணியும் கொடுப்பார்கள். அந்த மணிக்குத்தான் உங்களுக்குக் கதவு திறக்கும். உள்ளே போய் எந்த ராத்திரி எந்த கேம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் போனவர்கள் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் மீதி ஏப்ரல் 25 அன்று எல்லாருக்கும் திறக்கும்.

என் கதையைக் கேளுங்கள். எனக்கு ஒதுக்கிய நேரம் காலை 9 மணி, பசிபிக் நேரம். நானோ அப்போது மதுரையில், அக்கா மகள் கல்யாணத்தில். அங்கே ராத்திரி ஒன்பதரை. மண்டபத்து மாடியில், மாப்பிள்ளை வீட்டாருடைய சூட்கேஸ் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு போனைத் திறந்தேன். இடது பக்கம் வரிசையாக கேம்ப் பெயர்கள், மேலே தேதிகள், நடுவில் கட்டம் கட்டமாக, மிச்சமிருக்கும் இடங்களின் எண்ணிக்கை. ஆகஸ்ட் முதல் வாரம். சம்மர்லேண்ட், 0. இந்தியன் பார், 0. விரலால் தள்ளத் தள்ள பூஜ்யமாகவே வருகிறது. கீழேயிருந்து “சித்தி, கடைசிப் பந்தி, இலை போட்டாச்சு!” என்று ஒரே சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டத்தில் 2 இருந்தது 1 ஆனது. பதறிப்போய், ஒரு ராத்திரி ஒயிட் ரிவர், மறு ராத்திரி நிக்கல் கிரீக் என்று அமுக்கிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தேன்.

சாம்பார் சாதத்துக்கு நடுவில்தான் கணக்கு உறைத்தது. அந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 29 கிலோமீட்டர். வழியில்தான் பாதையிலேயே உயரமான பான்ஹேண்டில் கேப் என்ற கணவாய், 2,000 மீட்டருக்கும் மேலே. மற்றவர்கள் சம்மர்லேண்டிலும் இந்தியன் பாரிலும் தங்கித் தங்கி மூன்று நாளில் நடப்பதை நான் ஒரே நாளில் நடக்க ஒப்புக்கொண்டிருந்தேன்.

நடந்தும் தீர்த்தேன். விடியுமுன் தலைவிளக்கோடு கிளம்பி, கேப்பில் பனிமேல் கம்பு ஊன்றி ஊன்றிக் கடந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தியன் பார். ஆற்றங்கரையில் ஒரு கல் கொட்டகை, அதன் சுவரில் யாரோ காலுறை காயப்போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் இன்னும் 11 கிலோமீட்டர் பாக்கி, அதுவும் எடுத்த எடுப்பில் ஏற்றம். அந்தக் காலுறைமேல் எனக்கு வந்த பொறாமை இன்னொருத்தி பட்டுப்புடவைமேல்கூட வந்ததில்லை.

ஆகவே, டோக்கன் நேரத்துக்கு முன்னால் ஒரு தாளில் மூன்று திட்டமாவது எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேம்புக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். மொத்தம் 150 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 6,700 மீட்டர் பக்கம் வரும்.

என் மகன் சியாட்டிலில் இருக்கிறான். காட்டில் படுக்கவும் ரிசர்வேஷனாம். இருட்டின இடத்தில் டென்ட் அடித்துக்கொள்ள முடியாதா? (வாசகர், சென்னை)

முடியாது சார். அந்த உயரத்தில் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பனி இல்லாமல் தரை தெரியும். அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடிக்கிற செடிகள் அவை. ஒரு ராத்திரி டென்ட் போட்டு நசுக்கின புல்வெளி பழையபடி ஆக வருஷக்கணக்காகும். அதனால்தான் கேம்புக்கு இத்தனை இடம் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். கேம்ப்ஃபயரும் கிடையாது, மகனிடம் சொல்லிவையுங்கள்.

நாங்கள் ஏழு பேர், கல்லூரி நண்பர்கள். ஒரே இடமாகப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், ரெட்மண்ட்)

சாதாரண இடத்தில் 5 பேர்தான். அதற்கு மேல் போனால் குரூப் சைட். அது சில கேம்ப்களில்தான் உண்டு, இருக்கிற இடத்திலும் ஒன்றோ இரண்டோ. ஏழை மூன்றும் நாலுமாகப் பிரித்து இரண்டு பெர்மிட் போடப் பார்க்காதீர்கள், ஒரே கூட்டம் என்று தெரிந்தால் ரேஞ்சர் கேள்வி கேட்பார். ஏழு பேரில் இரண்டு பேர் எப்படியும் ஜூலையில் கழன்றுகொள்வார்கள் என்பது என் அனுபவம்.

லாட்டரியும் போச்சு, ஏப்ரல் 25-ம் போச்சு. ஆகஸ்டில் பத்து நாள் லீவு மட்டும் கையில் இருக்கிறது. ஊருக்கு டிக்கெட் போட்டுவிடட்டுமா? (வாசகர், ரென்டன்)

போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போல நேரில் வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கிளம்பும் அன்றோ அதற்கு முதல் நாளோதான் கொடுப்பார்கள். வார நாளாகப் பார்த்து, லாங்மயரில் உள்ள பூங்கா அலுவலகம் திறக்குமுன் போய் வரிசையில் நில்லுங்கள்.

அங்கே போய் “லாங்மயரில் ஆரம்பித்து வலம் வரணும், 9 ராத்திரி, இன்னின்ன கேம்ப்” என்று பிடிவாதம் பிடித்தால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். இது வட்டப் பாதை. எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து முடியும். வலமாக இல்லையென்றால் இடமாகச் சுற்றுங்கள், இது கோயில் பிரகாரம் இல்லை. “ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்னால் முடியும், அதற்குள் எப்படி வேண்டுமானாலும் கோத்துக் கொடுங்கள்” என்று சொன்னால் ரேஞ்சரே திரையைப் பார்த்துக் கோத்துத் தருவார். என் வீட்டுக்காரர் ஒருமுறை இப்படித்தான் வாங்கினார். சுற்று முழுசாக வரவில்லை, நாலு ராத்திரிதான் கிடைத்தது. அதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அதில் எல்லாரும் மோவிச் ஏரிவரை காரில் போய், நடக்கும்போது வழியில் எடுத்துக்கொள்ளச் சாப்பாட்டு வாளியை வைத்துவிட்டு வருவார்கள். அந்தப் பக்கத்துப் பாலத்தை 2025 ஏப்ரலில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

இட்லிப் பொடி, புளியோதரைப் பொடியை ஜிப்லாக் பையில் போட்டு, வழியில் எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே வைத்துவிடலாமா? (வாசகி, கென்ட்)

பை ஆகாது. எலி ஒரே ராத்திரியில் புளியோதரையை முடித்துவிடும். மூடி இறுகின கெட்டி பிளாஸ்டிக் வாளியோ தகரமோதான் வாங்கிக்கொள்வார்கள். அடுப்புக்கான கேஸை அதோடு வைக்காதீர்கள். பெருங்காயத்தை மட்டும் இரண்டு உறையில் போடுங்கள். நான் போடாமல் விட்டு, பத்து நாளும் ஓட்ஸ் கஞ்சியில் பெருங்காய வாசம்.

இந்த வருஷம் டோக்கன் எனக்கு முதல் நாளே கிடைத்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பிடித்துவிட்டேன். ஆபீசில் லீவு இன்னும் உறுதியில்லை. கேன்சல் செய்தாலும் பெரிதாகப் பணம் வராது போல. இருந்துவிட்டுப் போகட்டுமே, கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாமா? (வாசகர், சமாமிஷ்)

நிக்கல் கிரீக்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி எட்டரை. டென்ட் அடிக்கவும் தெம்பில்லாமல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல், இந்தியன் பாரில் தங்கிவிட்டு ஒரு தம்பதி இறங்கி வந்தார்கள். காலுறைக்காரர்கள் அவர்கள்தான். எப்படி இருந்தது ராத்திரி என்று கேட்டேன். ரொம்ப அமைதி, பக்கத்து இடத்துக்கு யாருமே வரவில்லை என்றார் அந்த அம்மா.

லீவு கிடைக்காது என்று தெரிந்த அன்றே கேன்சல் செய்யுங்கள் தம்பி.