தலைவீட்டில் இருந்தவர் யார்?

(தஞ்சாவூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்வெட்டு வாசிப்பதில் ஈடுபாடு கொண்டவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.)

கேள்வி: "உனக்குப் பிடித்தது எதுவென்று கண்டுபிடி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கிடார் வாங்கினேன், போட்டோகிராபி வகுப்புக்குப் போனேன், ஜப்பானிய மொழி ஆரம்பித்தேன். எதுவும் சில மாதத்துக்கு மேல் ஓடவில்லை. எனக்கு எதிலுமே ஆர்வம் கிடையாதோ என்று பயமாக இருக்கிறது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது, அம்மா?
– சாஃப்ட்வேர் ஊழியர், வயது 29, சென்னை

பதில்: தம்பி, கிடாரிலோ கேமராவிலோ தப்பில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிடார் வாங்கியது இருக்கிறது, நிறுத்தியது இருக்கிறது. கிடாரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரு விஷயம்கூட அதில் இல்லை. கேள்வி வருவதற்கு முன்னாலேயே 'நான் இனி கிடார் வாசிப்பவன்' என்று முடிவு வந்துவிட்டது. அப்படி ஆரம்பித்தால் விரல் வலிக்கிற அன்றைக்கு விட்டுவிடத்தான் தோன்றும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவள் நான். சுவரெல்லாம் எழுத்து இருப்பது தெரியும். ஒருநாள் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் மகள் சுவரில் விரலை வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கு அத்தை?" என்றாள். "ராஜராஜன் கல்வெட்டும்மா" என்றேன். "அது சரி, என்ன எழுதியிருக்கு?" என்றாள். அந்த இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நூலகத்தில் விசாரித்தேன். மத்திய தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இரண்டாவது, பெரும்பகுதி எங்கள் பெரிய கோயிலுக்கே உரியது என்று எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய பெரிய போர்களாக இருக்கும் என்று நினைத்துப் புரட்டினால் ஒரு பட்டியல் வந்தது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, கோயிலை ஒட்டித் தெருக்கள் அமைத்துக் குடியமர்த்தினான். அந்த 400 பேரும் பேர் பேராகக் கல்லில் இருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி (அந்தக் கோயில் பெண்களின் குடியிருப்பு), தென்சிறகு (தெற்கு வரிசை), தலைவீடு (முதல் வீடு): திருவையாற்றுக் கோயிலிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அடுத்தது இரண்டாம் வீடு. இப்படியே போகிறது. ஆரூரிலிருந்து வந்தவர், பழையாறையிலிருந்து வந்தவர், நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர் என்று ஊரோடு எழுதியிருக்கிறது. பெண்கள் பட்டியல் முடிந்ததும் நட்டுவம் செய்பவர், உடுக்கை வாசிப்பவர், கணக்கு எழுதுபவர், தையல்காரர், நாவிதர், துணி வெளுப்பவர் என்று தொடர்கிறது.

தம்பி, நான் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பேர், ஊர், தெரு, நம்பர் என்று கேட்டுக் கேட்டுத்தான் என் இளமை கழிந்தது. அந்தப் பட்டியல் எனக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய டெலிபோன் டைரக்டரி மாதிரி இருந்தது. சேரமங்கை யார், திருவையாற்றை விட்டு வர அவருக்கு மனசு இருந்ததா, தெருவின் முதல் வீடு அவருக்கு ஏன் கிடைத்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வேறொருவர் அதே பக்கத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போயிருப்பார். உங்கள் ஆர்வம் எங்கேயோ தனியாக ஒளிந்திருக்கிறது என்று தேடாதீர்கள். இத்தனை வருஷம் நீங்கள் செய்த வேலை, வளர்ந்த தெரு, கேட்டுப் பழகிய பேச்சு, இவற்றில்தான் அதன் ஒரு முனை இருக்கும்.

ஒரு கேள்வி வந்தால் அதன் பின்னால் நாலு வரும். அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு வேலி (பழைய நில அளவு) நிலத்து விளைச்சலாக 100 கலம் நெல், 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்தது என்று கல் சொல்கிறது. ஒரு கலம் என்றால் 12 மரக்கால், ஒரு மரக்கால் என்றால் 8 நாழி. 100 கலத்துக்கு 9,600 நாழி. ஒரு நாளைக்கு வகுத்தால் 26 நாழிக்கு மேல். ஒரு வீட்டுக்கு அது போதுமா, மிஞ்சுமா? எங்கள் தெருவில் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போய், அந்தக் காலத்தில் வேலிக்கு எத்தனை கலம் கண்டது என்று கேட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க நெல் ரகமும் வாய்க்கால் முறையும் பேசினார். அதுவரை அவரோடு நான் வணக்கம் சொன்னதைத் தாண்டிப் பேசியதே இல்லை. அப்புறம்தான் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். அந்தக் கால எழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். முதல் நாளே எழுத்தில் ஆரம்பித்திருந்தால் நானும் உங்களைப் போல நிறுத்தியிருப்பேன். சேரமங்கையைக் கல்லிலேயே பார்த்தாக வேண்டும் என்ற ஆசைதான் எழுத்தைக் கற்றுக் கொடுத்தது.

நீங்கள் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், எந்த வகுப்பிலும் சேர வேண்டாம். நாள் முழுக்க உங்கள் கண் எங்கெங்கே ஒரு கணம் நிற்கிறது என்று மட்டும் குறித்து வையுங்கள். அந்தக் கிடாரையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தில் உள்ள உலோகக் கோடுகள் கீழே வர வர ஏன் நெருங்குகின்றன? பன்னிரண்டாவது கோடு ஏன் சரியாகக் கம்பியின் பாதியில் வருகிறது? கணக்குத் தெரிந்தவர் நீங்கள். வாசிக்க வராதவருக்கும் அங்கே ஒரு வழி திறந்திருக்கலாம்.

கேள்வி: எது கேட்டாலும் போனே பதில் சொல்லிவிடுகிறது. அப்புறம் ஊர் ஊராக அலைந்து தேடுவதில் என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் குகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சூவல் என்ற ஆங்கிலேய அதிகாரி அவற்றைப் பார்த்துப் பதிவு செய்தார். அவை எழுதப்பட்ட பழைய பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் 1837லேயே படித்துவிட்டார். அதாவது எழுத்துக்கான விடை கையில் இருந்தது. ஆனாலும் மாங்குளத்து வரிகள் பல காலம் பிடிபடவில்லை. 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், அது தமிழ் என்று வைத்துப் படித்துக் காட்டினார். இன்றைக்கு அதில் நெடுஞ்செழியன் பேரை நாம் படிக்கிறோம். விடை கையில் இருந்தும், கேட்க வேண்டிய கேள்வியை ஒருவர் கேட்கும்வரை கல் பேசவில்லை. கேட்டதற்குத்தான் போன் பதில் சொல்லும். நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பது மலை ஏறி அந்தப் பாறை முன்னால் நிற்கும்போதுதான் தோன்றும்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதன் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தயவுசெய்து பூசாதீர்கள்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாடத்தில் இல்லாததைத்தான் அதிகம் கேட்கிறாள். மார்க் குறைகிறது. "கேள்வியைக் குறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், கரூர்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வேலாயுதம்பாளையத்தில், புகழூர் ஆறுநாட்டார் மலைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மலைச்சரிவில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. அங்கே உள்ள எழுத்து சொல்வது இது: யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணர் தங்கும் இடம், கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிக் கொடுத்த கல். பதிற்றுப்பத்தில் பாடப்பட்ட சேர மன்னர்களின் வரிசை இங்கே கல்லில் இருக்கிறது என்று 1965இல் அடையாளம் கண்டவர் ஐராவதம் மகாதேவன். அவர் சட்டம் படித்து ஐ.ஏ.எஸ். அதிகாரியானவர். ஆபீஸ் வேலைக்கு நடுவே குகை குகையாக ஏறினார். சிந்து எழுத்துகளைத் தொகுத்து 1977இல் ஒரு நூல் கொண்டுவந்தார். பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல்தான் வந்தது. புகழூர்ப் பாறையிலிருந்து கணக்குப் போட்டால் 38 வருஷம்.

இதைச் சொல்வது, மார்க் வேண்டாம் என்பதற்காக இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதியவருக்கு மார்க்கின் அருமை தெரியாதா? கேட்கிற பழக்கமும் பரீட்சையும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியும். உங்கள் மகளைக் கேட்காதே என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வயதில் வாயை மூடிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்களே நினைத்தாலும் கேள்வி வருவதில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு வலிக்கிறது.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். கேட்பதையெல்லாம் அவளே அதில் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உங்களுக்குப் பதில் தெரிந்தாலும் உடனே சொல்லாதீர்கள். யாரிடம் கேட்கலாம், எங்கே பார்க்கலாம் என்று அவளையே யோசிக்க வையுங்கள். ஒரு கேள்வியை முடிவுவரை துரத்திப் பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தைத் துரத்தவும் பொறுமை வரும்.

கேள்வி: எனக்கு 51 வயது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். உங்கள் பகுதியைப் படித்துக் கல்வெட்டு கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. "இந்த வயசுல இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. இதனால் என்ன கிடைக்கும், அக்கா?
– இல்லத்தரசி, திருவாரூர்

பதில்: தங்கச்சி, பணம் கிடைக்காது, பட்டமும் கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். என் கணவர் போன பிறகு கடைத்தெருவுக்குத் தனியாகப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆன பிறகு, பேரே கேள்விப்படாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கோயில் எங்கே, சாவி யாரிடம் என்று விசாரிக்கப் பழகினேன். படித்தவர்கள் கூடுகிற இடத்தில் எழுந்து, "இது எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வந்தது. முன்பெல்லாம் என் கவலைகளை எண்ணிக்கொண்டுதான் தூங்குவேன். இப்போது பாதி படித்த வரி ஒன்று கூடவே இருக்கிறது. நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, நான் இப்போதுதான் நானாக இருக்கிறேன் என்று படுகிறது.

இன்னொன்று. 1886இல் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் பெரிய கோயில் சுவரைப் படிக்கும்வரை, அதைக் கட்டியது கரிகாலன் என்றும் கிருமிகண்ட சோழன் என்றும்தான் பேசிக்கொண்டார்கள். கட்டியவனோ, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக" என்று சொல்லி, விமானத்தின் அடியிலேயே எழுதி வைத்திருக்கிறான். அக்கா குந்தவை பேர் இருக்கிறது, ராணிகள் பேர் இருக்கிறது. தினமும் அதைச் சுற்றி வந்தவர்கள் நாம்தான். படிக்க நமக்குத் தோன்றவில்லை. வீட்டில் மறுபடியும் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்றால் உங்கள் ஊரிலேயே ஆரம்பியுங்கள். தியாகராஜர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில் பரவை நங்கை என்ற பெண் வருகிறார். அரசனுக்கு நெருக்கமானவர், கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர். அரசனும் அவரும் நின்று கும்பிட்ட இடம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. இந்தக் கல்வெட்டு அச்சில் வந்திருக்கிறது. நூலகத்தில் கேட்டு நகல் எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்து, கோயில் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டாம். 'ஸ்வஸ்திஸ்ரீ', 'யாண்டு', 'பரவை' என்று நகலில் தெரிந்த சொற்களைச் சுவரில் தேடுங்கள். ஒரு சொல் பிடிபட்டால், அதன் இரு பக்கமும் உள்ள எழுத்துகளை நகலோடு ஒப்பிட்டு உங்கள் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். படிக்க முடியாத இடத்தைப் போட்டோ எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பேருமாகப் பார்ப்போம்.