மறதி மாத்திரையோடு சேஜ் டீ வேண்டாம்

ராயபுரத்தில் இருக்கும் அம்மா மறதிக்கு டோனெபெசில் சாப்பிடுகிறார், கூடவே சேஜ் என்ற மேல்நாட்டு மூலிகை இலையில் போடும் டீயும் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள் சகோதரி. மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் சேஜ் சாறும் அதே நொதியைத்தான் தடுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு குறையலாம், வாந்தி வரலாம். சேஜில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட், சரி. அது நம் புதினாவிலும் துளசியிலும் இருக்கிறதே!

சேஜ் எண்ணெயை வாயில் வைக்கவே கூடாது. அதிலுள்ள துஜோன் என்ற வேதிப்பொருள் வலிப்பை வரவழைக்கலாம்.

அப்புறம், வாங்கியது சேஜ்தானா? காய்ந்த இலை சாம்பல்பச்சையாக, வெல்வெட் போல இருக்கும். தொட்டியில் வளரும் தடித்த கற்பூரவள்ளி வேறு செடி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாக்கெட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.